பராயிழ் பங்கீடு முதல் அஸ்வெசும வரை: விதிவழி மென்பொருளின் பயனும் எல்லையும்

இலங்கையர் ஒவ்வொருவரும் தம்முடன் வைத்திருக்கும் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் வெறும் வரிசை எண் அன்று. 2016ஆம் ஆண்டுக்கு முன்னர் வழங்கப்பட்ட அட்டைகளில் ஒன்பது எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் காணப்படுகின்றன. முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் ஒருவர் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்ணாயின் அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். எனவே, 561 என்ற எண்ணைக் கண்டவுடன், அட்டைக்குரியவர் பெண் என்பதையும் அவர் ஆண்டின் 61ஆம் நாளில் பிறந்தவர் என்பதையும் அட்டையின் வேறெந்தப் பகுதியையும் பாராமலே கூறிவிடலாம்.

இதில் நுட்பமான ஒரு விடயம் உண்டு. 1978ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1978 லீப் ஆண்டு அன்று; ஆகவே சாதாரண நாட்காட்டியின்படி அது 60ஆவது நாளாகும். ஆனால் அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரி மாதத்துக்கு எப்போதும் 29 நாட்களே கொள்ளப்படுகின்றன. எனவே அவருடைய இலக்கம் 78561 என்றே தொடங்கும். இந்த ஒரு விதியை அறியாத நிரலாளர் ஒருவர் எழுதிய மென்பொருள், அப்பெண் மார்ச் இரண்டாந் திகதி பிறந்தவர் எனக் கூறும். பிறப்புச் சான்றிதழுடன் அட்டை பொருந்தவில்லை எனத் தள்ளியும் விடும். கணினி பிழை செய்யவில்லை, அட்டையும் பிழையன்று. விதித் தொகுப்பில் ஒரு வரி விடுபட்டுப் போயிற்று, அவ்வளவே. ஆனால் அலுவலக வரிசையில் நின்று திரும்பி அனுப்பப்படுபவர் அந்தப் பெண்தான்.

நாம் இங்கு பேச விரும்புவது இத்தகைய மென்பொருள்களைப் பற்றியே. இவற்றை விதிவழி மென்பொருள்கள் எனலாம். "இது உண்மையாயின், இதைச் செய்க" என்ற வடிவிலான விதிகள் ஒரு களஞ்சியமாகத் தொகுக்கப்படுகின்றன. ஒருவரைப் பற்றிய தகவல்கள் வேறாக உள்ளிடப்படுகின்றன. இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவுக்கு வரும் தருக்கப் பொறி மூன்றாவது உறுப்பாகும். கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகளைப் படித்துத் தானே பழகிக்கொள்ளும் இன்றைய செயற்கை நுண்ணறிவு முறைகளிலிருந்து இது வேறுபட்டது. இங்கு ஒவ்வொரு விதியையும் மனிதர் ஒருவரே எழுதுகிறார். ஆகவே எந்த விதியால் எந்த முடிவு வந்தது என்பதைப் பின்னோக்கிச் சென்று காட்டவும் முடியும்.

இத்துறையின் புகழ்பெற்ற முன்னோடி, 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷோர்ட்லிஃப் உருவாக்கிய 'மைசின்' என்ற அமைப்பாகும். குருதித் தொற்று, மூளைக் காய்ச்சல் போன்றவற்றுக்குக் காரணமான பற்றீரியாவை ஊகித்து, உரிய மருந்தைப் பரிந்துரைப்பதற்காகச் சில நூறு விதிகளுடன் அது அமைக்கப்பட்டது. பரிசோதனைகளில் அதன் பரிந்துரைகள் நிபுணத்துவ வைத்தியர்களின் பரிந்துரைகளுக்குக் குறைந்தவையாக இருக்கவில்லை. எனினும் அது வைத்தியசாலைகளின் நாளாந்தப் பயன்பாட்டுக்கு வரவேயில்லை. எம்மைக் கவர்வது வேறொரு சிறப்பு. மைசின் ஒரு கேள்வியைக் கேட்கும்போது, வைத்தியர் "ஏன்?" எனத் திருப்பிக் கேட்கலாம். தான் எந்த விதியைச் சோதித்துக்கொண்டிருப்பதால் அந்தத் தகவல் தேவைப்படுகிறது என்பதை இயந்திரம் எடுத்துரைக்கும். அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஓர் ஆய்வுகூடக் கணினிக்கு இருந்த இந்தப் பண்பு, இன்று எமது அலுவலகங்களில் உள்ள கணினிகளுக்கு இருக்கின்றதா என்ற வினாவுக்குப் பின்னர் வருவோம்.

இத்தகைய மென்பொருளின் பயனை முஸ்லிம் வாசகர்களுக்கு விளக்கப் பராயிழ் எனப்படும் வாரிசுரிமைச் சட்டத்தை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. விதிகளாகவே அருளப்பட்டு விதிகளாகவே விரித்துரைக்கப்பட்ட சட்டம் அது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜிப்ரா நூலின் பெரும்பகுதி மரண சாசனத்தையும் சொத்துப் பங்கீட்டையும் பற்றிய கணக்குகளாலேயே நிறைந்துள்ளது. கணினித் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் 'அல்கோரிதம்' என்ற சொல்லும் அவருடைய பெயரிலிருந்து பிறந்ததே. ஆகவே பராயிழைக் கணினியில் ஏற்றுவது புதுமையன்று. பழைய உறவொன்றின் புதுப்பிப்பு என்றே கூற வேண்டும்.

ஹெந்தளையில் வசித்த ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த ஒருவர் காலமானார் எனக் கொள்வோம். மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்மார் உயிருடன் உள்ளனர். மென்பொருள் முதலில் பங்கைப் பற்றிப் பேசாது. ஜனாஸாச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, மரண சாசனம் உண்டா, உண்டாயின் அது எஞ்சிய சொத்தின் மூன்றிலொன்றைத் தாண்டுகின்றதா என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். இந்த ஒழுங்கும் விதிகளுள் ஒன்றே. அதனை மாற்றினால் விடையும் மாறிவிடும். இவையனைத்தும் போக 96 இலட்சம் ரூபா எஞ்சியது என்போம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது 12 இலட்சம். அதே காரணத்தால் தாய்க்கு ஆறிலொன்று, அதாவது 16 இலட்சம். மிகுதி 68 இலட்சம் பிள்ளைகளுக்குரியது. அது ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற அடிப்படையில் நான்காகப் பிரிக்கப்பட, மகனுக்கு 34 இலட்சமும் மகள் ஒவ்வொருவருக்கும் 17 இலட்சமும் சேரும்.

தேர்ந்த மௌலவி ஒருவர் இதனைத் தாளில் சில நிமிடங்களில் கணித்துவிடுவார். கணினி எதற்கு என்ற வினா எழலாம். இங்கு கணினியின் பயன் வேகத்தில் இல்லை. பங்குப் பட்டியலோடு அது ஒவ்வொரு பங்குக்குமான விதியையும் அச்சிட்டுத் தர முடியும். குடும்பத்தின் மூத்த ஆண் ஒருவர் "உனக்கு இவ்வளவுதான் வரும்" எனக் கூறுவதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட பெண்கள் எத்தனை பேர் என்பதை எமது சமூகத்தில் எவரும் கணக்கிட்டதில்லை. 17 இலட்சம் என்ற தொகைக்குப் பக்கத்தில் அதற்குரிய விதியும் எழுதப்பட்ட ஒரு தாள் அந்த மகளின் கையில் இருப்பது சிறிய விடயமன்று. சீதனமாக வீடு கொடுத்தாயிற்று, ஆகவே பங்கு இல்லை என்று அவளிடம் கூறப்பட்டால், "அந்த விதி எங்கே இருக்கின்றது?" என்று அவளால் திருப்பிக் கேட்க முடியும்.

விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களும் உண்டு. ஒரு பெண் பிள்ளைகளோ பெற்றோரோ இன்றிக் காலமாகிறாள். கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் உள்ளனர். கணவனுக்குப் பாதி, சகோதரிகள் இருவருக்குமாக மூன்றில் இரண்டு. இரண்டையும் கூட்டினால் ஆறில் ஏழாகிறது; அதாவது இருக்கும் சொத்தை விடப் பங்கு பெருகிவிடுகிறது. கலீபா உமர் (ரழி) அவர்களின் காலத்தில் இத்தகைய வழக்கு எழுந்ததாகவும், எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் 'ஔல்' என்ற முறை அப்போதே கைக்கொள்ளப்பட்டதாகவும் மரபு கூறுகின்றது. சொத்து 84 இலட்சமாயின் கணவனுக்கு 36 இலட்சமும் சகோதரிகளுக்குத் தலைக்கு 24 இலட்சமும் கிடைக்கும். இந்த விதியை ஏற்றாத மென்பொருள் 98 இலட்சத்தைப் பங்கிட முனைந்து தடுமாறும்.

ஆனால் ஷீஆ சட்ட மரபு ஔல் முறையை ஏற்பதில்லை. அம்மரபின்படி இதே வழக்கில் கணவனுக்கு 42 இலட்சம் முழுமையாகக் கிடைக்க, குறைவு சகோதரிகளின் பக்கமே விழும். கொழும்பில் நீண்ட காலமாக வாணிபம் செய்துவரும் போரா சமூகத்தினர் ஷீஆ மரபினர் என்பது வாசகர்கள் அறிந்ததே. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் இறங்குரிமைக் கட்டளைச் சட்டமும், மரண சாசனமின்றி இறந்தவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரோ அந்தப் பிரிவின் சட்டமே ஏற்புடையது என்கின்றது. இணையத்தில் இன்று பராயிழ் கணிப்பான்கள் பல உள்ளன. மத்ஹபைக் கேளாமலே விடை கூறும் ஒன்றை நம்பிச் சொத்தை எழுதிக் கொடுப்பது அறிவுடைமையாகாது என்பதே எமது கருத்து.

இனி அடுத்த வீட்டுக்குச் செல்வோம். களனி கங்கையைத் தாண்டினால் வத்தளைப் பக்கமாக அமைந்துள்ள ஹெந்தளையிலும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களிலும் ஒரே தெருவில் வெவ்வேறு வாரிசுரிமைச் சட்டங்கள் வாழ்கின்றன. முஸ்லிம் வீட்டில் பராயிழ். அயலிலுள்ள மலையகத் தமிழர் வீட்டிலும், பொதுச் சட்டத்துக்குட்பட்ட சிங்களவர் வீட்டிலும் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கண்டியைப் பூர்வீகமாகக் கொண்ட சிங்களவராயின் கண்டியச் சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர் வீட்டிலோ தேசவழமை. மதிலுக்கு மதில் சட்டம் மாறும் இத்தகைய தெருக்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

தேசவழமை 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுவளித்தனர். பின்னர் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்தன. முதுசம் எது, சீதனம் எது, தேடியதேட்டம் எது எனப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வழி செல்லும் எனக் கூறும் அமைப்பு இது. மேலோட்டமாகப் பார்த்தால் பராயிழைப் போன்றே கணினிக்கு ஏற்றதாகத் தோன்றும்.

ஆயினும் மென்பொருள் முதற் கேள்வியிலேயே இடறிவிடும். இறந்தவர் தேசவழமைக்கு உட்பட்டவரா? சட்டத்தின் வாசகம் யாழ்ப்பாண மாகாணத்தின் 'மலபார் குடிகள்' என்கின்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது வயதில் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் வீடு வாங்கி, பிள்ளைகளையும் இங்கேயே வளர்த்து, நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் ஊர் சென்று வந்த ஒருவர் யாழ்ப்பாணக் குடியா, கொழும்புக் குடியா? போரினால் ஊர் திரும்ப முடியாதிருந்த காலத்தை எப்படிக் கணக்கிடுவது? நிரந்தரமாகத் திரும்பிச் செல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததா? இவை எமது நீதிமன்றங்கள் தலைமுறை தலைமுறையாக விசாரித்து, ஒவ்வொரு வழக்கிலும் அதற்குரிய சான்றுகளைக் கொண்டு தீர்மானித்து வரும் வினாக்கள். 'ஆம்' அல்லது 'இல்லை' எனும் கட்டத்தில் ஒரு சரி அடையாளமிட்டு இதனைக் கடந்துவிட இயலாது. ஆனால் மென்பொருளுக்கு அந்த அடையாளம் வேண்டும். அதை இடுபவர் யார் என்பதே இங்கு சொத்தின் போக்கைத் தீர்மானிக்கும்.

இது எமக்கு மட்டும் நேர்ந்த இடர்ப்பாடன்று. 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தை, இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மாரெக் சேர்கொட், ரொபர்ட் கோவல்ஸ்கி முதலானோர் கணினி விதிகளாக எழுதி, 1986இல் அது பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். சட்டத்தின் வாசகங்களை விதிகளாக மாற்ற முடியும் என்பதை அது உலகுக்கு நிறுவிக் காட்டியது. எமது உறவினர் பலரின் குடியுரிமையைத் தீர்மானித்த அதே சட்டம்தான் அது. ஆனால் விண்ணப்பதாரர் 'நல்லொழுக்கம் உடையவர்' என்பது போன்ற நிபந்தனைகளைக் கணினி தானாக எடைபோட முடியாது. மனிதர் ஒருவர் தீர்ப்புக் கூறி, அதனை உள்ளிட வேண்டியிருந்தது. விதிவழி மென்பொருள் உதவும் இடமும் அது நின்றுவிட வேண்டிய இடமும் இங்கு தெளிவாகப் பிரிகின்றன.

அந்த எல்லையை மதிக்காமல் விடும்போது பாதிக்கப்படுவது சொத்துள்ளவர் மட்டுமல்லர். நாட்டின் மிக வறிய குடும்பங்களும் இன்று புள்ளிக் கணக்கொன்றின் முன்னே நிற்கின்றன. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தையே குறிப்பிடுகிறோம். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் இது அமைந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் மதிப்பிடப்பட்டன. பெறப்படும் புள்ளிக்கேற்ப, தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என நான்கு வகைகளாகக் கொடுப்பனவு நிர்ணயிக்கப்பட்டது. பிந்திய இரு தொகைகளும் 2025 ஜனவரி முதல் முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன.

முன்னைய சமுர்த்தித் திட்டத்தில் அரசியல்வாதிகளின் சிபார்சும் உள்ளூர்ச் செல்வாக்கும் புகுந்திருந்தன என்ற குற்றச்சாட்டு பரவலாக இருந்தது. அதற்குப் பதிலாக அனைவருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது கொள்கையளவில் வரவேற்கத்தக்கதே. ஒரு சிறுபான்மைக் குடும்பத்துக்கு, முகம் பார்த்து உதவும் அலுவலரை விட முகம் பாராத விதி பாதுகாப்பானது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 2023இல் முதற் பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. இருபது இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவதை இலக்காகக் கொண்ட ஒரு திட்டத்துக்கு இது சாதாரண எண்ணிக்கையன்று.

குறை எங்கே இருக்கக்கூடும் என்பதைச் சிந்திக்கப் பெரிய நிபுணத்துவம் வேண்டியதில்லை. கிராமத்தில் சீமெந்துச் சுவர் ஓரளவு வசதியின் அடையாளமாகலாம். கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டங்களில் பத்தடி அறையில் எட்டுப் பேர் வாழும் குடும்பத்துக்கும் சீமெந்துச் சுவர்தான் இருக்கும். தலைநகரின் வறுமை கூரையிலும் சுவரிலும் தெரிவதில்லை. நாட்கூலியிலும் வாடகைக் கடனிலும் தெரிகின்றது. ஒரே அளவுகோல் சமமாகத்தான் அளக்கிறது. எல்லோரையும் சரியாக அளக்கின்றதா என்பது வேறு வினா.

பெயர்ப் பொருத்தம் இன்னொரு தொல்லை. பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, பாடசாலைப் பதிவில் முகம்மது, சிங்களத்தின் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற அடையாள அட்டையில் மொஹமட். தமிழர் பெயர்களிலும் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் பின்னுமாக இடம் மாறும். மனிதக் கண்ணுக்கு இவர் ஒருவரே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் விதிக்கு இவர் மூவர். இத்தகைய எழுத்து வேறுபாடுகளை ஒன்றெனக் கொள்ளும் விதிகளை எழுதுவது கடினமான காரியமன்று. தமிழ் பேசும் ஒருவரை நிரலாளர் குழுவில் சேர்த்துக்கொண்டாலே போதும்.

முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு இப்போது வருவோம். பட்டியலில் பெயர் இல்லை எனக் கேள்விப்பட்ட ஒரு தாய், பிரதேச செயலகத்துக்குச் சென்று "ஏன்?" எனக் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? "கணினியில் வரவில்லை" என்பது விடையாகாது. விதிவழி மென்பொருளின் தனிச் சிறப்பே, தன் முடிவுக்கான காரணத்தைப் படிப்படியாகக் கூற வல்லது என்பதுதான். எந்தக் குறிகாட்டிக்கு எத்தனை புள்ளி இடப்பட்டது, எந்தத் தகவலின் அடிப்படையில் இடப்பட்டது, எல்லைப் புள்ளி எது என்பவை பதிவில் இருந்தாக வேண்டும். இல்லையேல் தொகுப்புப் புள்ளியைக் கணித்திருக்கவே முடியாது. ஆகவே அதனைக் குடிமகனுக்கு வழங்காதிருப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணங்காட்ட இயலாது. மேன்முறையீட்டுப் படிவத்தில் என்ன எழுதுவது எனத் தெரியாமல் "நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருபவருக்கு, பிழையாகப் பதியப்பட்ட ஒரு வரியைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பே இல்லாமற் போகின்றது.

இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அத்தீர்மானத்துக்கான காரணங்களை வழங்குவதைப் பகிரங்க அதிகாரசபை அலுவலரின் கடமையாக்கியுள்ளது. அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வடக்கு, கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமையளிக்கின்றது. எனவே ஹெந்தளையில் வசிக்கும் ஒரு குடும்பம் வத்தளைப் பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில், உதவி ஏன் கிடைக்கவில்லை எனப் பொதுவாகக் கேட்பதோடு நில்லாமல், 22 குறிகாட்டிகளிலும் தமது குடும்பத்துக்கு இடப்பட்ட புள்ளிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாகக் கொள்ளப்பட்ட தகவல் எது எனத் தனித்தனியாகக் கேட்கலாம். கடிதத்தையும் தமிழில் எழுதலாம். பதிலையும் தமிழிலேயே கோரலாம்.